ஒரு பக்கம் மட்டும் மின்னும் போல்ட்: பழைய லீ-என்ஃபீல்டு ரைபிளின் உள்தேய்மானத்தைப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: “அப்பாவின் .315 ரைபிள், உரிமம் மாற்றி இப்போது என் பெயரில் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றித் துடைத்தபோது வலப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, இடப்பக்கத்து லக் கறுப்பாகவே இருக்கிறது. உள்ளே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிட்டதா? மின்னும் பக்கத்தை எமரித் தாளால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்யலாமா?”

போல்ட் என்பது தோட்டா உட்காரும் சேம்பரை அடைக்கும் உலோகத் தண்டு, லக் என்பது அது பூட்டிக்கொள்ளும் துருத்தல். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேய்க்கவே கூடாது. ஏன் என்று போகப் போகப் புரியும். முதல் கேள்விக்கு, நீங்கள் சொன்ன ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மினுமினுப்பு என்பது உலோகம் உரசியதற்கு அடையாளம். உரசிய இடமெல்லாம் சுமை தாங்கிய இடம் ஆகாது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் ஆர்மரரின், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின், வேலையில் பாதி.

உங்கள் .315 உண்மையில் பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 ரைபிளான லீ-என்ஃபீல்டின் உடம்புதான். மேற்கு வங்கத்திலுள்ள இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து .303 செய்துவந்தது. ராணுவத் தோட்டா என்பதால் .303-ஐப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தடை இருந்தது. அதனால் அதே ரிசீவர் (போல்ட் ஓடும் உலோகக் கூடு), அதே போல்ட் அமைப்பில் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்குப் பொருந்தும்படி ஒரு வேட்டை ரைபிளைச் செய்து விற்றார்கள். ஆகவே .303 பற்றி ஆர்மரர்கள் நூறு வருடமாகக் கற்றது அநேகமாக எல்லாம் உங்கள் ரைபிளுக்கும் பொருந்தும். சில அளவுகள் மட்டும் பொருந்தாது, அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் விரலை விட்டும் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

இப்போது போல்ட்டுக்கு வருவோம். பெரும்பாலான போல்ட் ரைபிள்களில் பூட்டும் லக்குகள் முன்பக்கம், சேம்பரை ஒட்டி இருக்கும். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த இந்த அமைப்பில் அவை பின்பக்கம். வலப்பக்கம் போல்ட்டின் உடம்போடு ஓடும் நீளமான விலா ஒன்று, அதற்கு எதிர்ப்பக்கம் குட்டையான லக் ஒன்று. போல்ட்டை அடைத்துக் கைப்பிடியைக் கீழே இறக்கினால், விலாவின் பின்முகம் ரிசீவரின் வலப்பக்கத் தோளில் போய் நிற்கும். இடப்பக்க லக் ரிசீவரின் இடச்சுவரில் குடைந்த பள்ளத்துக்குள் போய் நிற்கும். சுடும்போது தோட்டாவின் அடி பின்னோக்கி உதைக்கும் உதை முழுவதையும் இந்த இரண்டு முகங்களும் பங்கு போட்டுத் தாங்க வேண்டும். ஒன்று மட்டும் தாங்கினால், இரண்டு பேர் தூக்க வேண்டிய கட்டிலை ஒருவர் மட்டும் தூக்கின கதைதான். தாங்கும் பக்கம் அமுங்கும், போல்ட் கொஞ்சம் கோணும், ரிசீவரின் ஒரு சுவர் மற்றதைவிட அதிகமாக இழுபடும்.

நீங்கள் பார்த்த மினுமினுப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். விலாவின் மேலும் பக்கவாட்டிலும் இருந்தால் கவலை வேண்டாம். ஒவ்வொரு தடவை போல்ட்டை இழுத்துத் தள்ளும்போதும் அந்த நீள விலா ரிசீவரோடு உரசிக்கொண்டே போகிறது, இடப்பக்கக் குட்டை லக்குக்கு அவ்வளவு உரசல் இல்லை. ஐம்பது வருடம் துடைத்துத் துடைத்து வைத்த ரைபிளில் வலது மின்னி இடது கறுத்திருப்பது சாதாரணம். பார்க்க வேண்டியது பின்முகங்களை மட்டும்தான், அதாவது ரிசீவரை முட்டி நிற்கும் அந்தச் சிறிய பரப்புகளை. நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மங்கலான, ஒரே சீரான தேய்ப்பு இருந்தால் நல்லது. ஒரு ஓரத்தில் மட்டும் பளிச்சென்று கோடு இருந்தால் தொடுவது அந்த ஓரம் மட்டும்தான். நகத்தால் வருடும்போது படி மாதிரி தட்டினாலோ, உலோகம் பிசிறி ஓரத்தில் திரண்டிருந்தாலோ அது தேய்மானம்தான், சந்தேகமே வேண்டாம்.

இடப்பக்கத்துப் பள்ளம் ரிசீவருக்குள் ஒளிந்திருக்கும், நேராகக் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கையால் உணர ஒரு வழி இருக்கிறது. காலி ரைபிளை அடைத்துவிட்டு, கைப்பிடியை மெதுவாகத் தூக்குங்கள். தூக்கும் முதல் அசைவிலேயே எதிலோ ஏறி இறங்குவது போலத் தடங்கினால், லக் தன் இருக்கையில் பள்ளம் போட்டு உட்கார்ந்திருக்கலாம். காக்கிங் பீஸை (ஃபயரிங் பின்னின் வால்பக்கத் துண்டு) பின்னுக்குத் தள்ளும்போது வரும் வழக்கமான இறுக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தோட்டாவைக் குத்தும் ஃபயரிங் பின்னையும் அதன் ஸ்பிரிங்கையும் ஆர்மரரிடம் கொடுத்துக் கழற்றிவிட்டுத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்வதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. ரைபிள் காக் ஆகி, அதாவது சுடத் தயாராக, இருக்கும்போது ஸ்பிரிங் போல்ட்டின் உடம்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அதே சமயம் கீழேயிருந்து சியர் (ட்ரிகர் இழுத்தால் விடுவிக்கும் பிடிப்பு) காக்கிங் பீஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இழுபறியில் போல்ட்டின் வால் கொஞ்சம் மேலே தூக்கப்படும். அந்த நிலையில் எடுத்த சோதனை போல்ட் தானாக எங்கே உட்காருகிறது என்பதைச் சொல்லாது, ஸ்பிரிங் அதை எங்கே தள்ளுகிறது என்பதைத்தான் சொல்லும். பல பேர் தப்பு முடிவுக்கு வருவது இங்கேதான்.

சரியான சோதனையை நம் ஊர் லேத் பட்டறை ஃபிட்டர்கள் எல்லோரும் அறிவார்கள், ப்ளூ போட்டுப் பார்ப்பது. பிரஷ்யன் ப்ளூ என்னும் நீலச் சாயத்தை மிக மெல்லிசாக இரண்டு லக்குகளின் பின்முகத்திலும் தடவி, சேம்பரில் கேஜை (தோட்டாவுக்குப் பதில் வைக்கும் அளவுக்கட்டை) வைத்து, போல்ட்டை அடைத்துத் திறந்து வெளியே எடுக்க வேண்டும். கேஜ் ஏன் என்றால், சேம்பர் காலியாக இருந்தால் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள எதுவும் இல்லை. லக்குகள் தம் இருக்கையை முட்டாமலே அடைந்துவிடும், ப்ளூ இரண்டு பக்கமும் அழியாமல் இருக்கும், நீங்களும் குழம்புவீர்கள். கேஜ் இறுக்கமாக உட்கார்ந்தால் எந்த முகத்தில் ப்ளூ அழிந்திருக்கிறதோ அதுதான் தொடும் முகம். அழிந்த பரப்பு எவ்வளவு, ஓரமா நடுவா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும்தான் அழிந்திருக்கிறது என்றால்? உடனே பதற வேண்டாம். எஃகு வளையும். பின்பக்கம் பூட்டும் அமைப்பில் லக்குக்கு முன்னால் போல்ட்டின் நீளம் பூராவும் இருப்பதால் வளைவு இன்னும் கொஞ்சம் அதிகம். கையால் அடைக்கும்போது முடி அளவு விலகி நிற்கும் லக், சுடும்போது வரும் அழுத்தத்தில் போய் முட்டிச் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். பிரிட்டிஷ் முறையில் .303-ஐப் பரிசோதித்துச் சான்று முத்திரை குத்துவதற்கு முன், வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவில் ஒன்றைக் காய்ந்தபடியும் ஒன்றை எண்ணெய் பூசியும் சுடுவார்கள். எண்ணெய் பூசிய தோட்டா சேம்பர் சுவரைப் பிடிக்காமல் முழு உதையையும் போல்ட்டின் மேல் இறக்கும், லக்குகளும் தம் இருக்கையில் நன்றாகப் படியும். இதே காரணத்துக்காகத்தான் சேம்பரில் எண்ணெயோ மழைநீரோ இருக்கும்போது சுடக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஈரத் தோட்டாவைச் சுட்டுச் சுட்டே ஒரு பக்கம் அமுங்கிப்போன போல்ட்டுகள் உண்டு.

ஆக, ப்ளூ சோதனையில் ஒரு பக்கம் தொடவில்லை என்றால் அடுத்த சாட்சியைக் கூப்பிட வேண்டும். அந்தச் சாட்சி சுட்ட காலிக் கேஸ், அதாவது தோட்டாவின் உலோகக் கூடு.

அப்பா சுட்ட பழைய கேஸ்கள் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்து வையுங்கள். லீ-என்ஃபீல்டில் போல்ட் உடம்பு சுழன்றாலும் போல்ட் தலை சுழலாது. அதனால் கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கேஸ் விளிம்பில் விட்ட சிறு கீறலைப் பார்த்தே அந்தக் கேஸ் சேம்பரில் இருந்தபோது வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது என்று சொல்லிவிடலாம். கேஸை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்துங்கள். ஆடாமல் நின்றால் அடி தட்டையாக இருக்கிறது. ஆடினால், ஆடும் திசை எல்லாக் கேஸ்களிலும் ஒன்றேதானா என்று கீறலை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே திசையில் சாய்ந்தால் போல்ட் முகம் கோணி நிற்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஆடினால் அது கேஸின் கோளாறு.

அப்புறம் கேஸின் அடியிலிருந்து சற்று மேலே வளையம் மாதிரி ஒரு பளபளப்பு தெரிகிறதா என்று பாருங்கள். நுனியை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு வருடினால் அந்த இடத்தில் பள்ளம் தட்டும், உலோகம் இழுபட்டு மெலிந்த இடம் அது. சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் தாராளமான சேம்பர் அல்லது ஹெட்ஸ்பேஸ் விவகாரம். இந்த வகை விளிம்புத் தோட்டா விளிம்பில்தான் தொங்கி நிற்கிறது, கேஸ் மேலே குறுகும் தோள்பட்டையில் அல்ல. போர்க்களத்துச் சேற்றிலும் உள்ளே போக வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகவே குடைந்திருப்பார்கள், ஆகவே கொஞ்சம் இழுபடுவது ஆரோக்கியமான ரைபிளிலும் உண்டு. வளையம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்து, அந்தப் பக்கம் ப்ளூ அழியாத லக்கின் பக்கமாகவும் இருந்தால், இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்கின்றன.

ஹெட்ஸ்பேஸ் என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அடைத்த போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா விளிம்பு தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அது. .303-க்கு ராணுவக் கேஜ்கள் இரண்டு: 0.064 அங்குலக் கேஜின் மேல் போல்ட் அடைய வேண்டும், 0.074 அங்குலக் கேஜின் மேல் அடையக் கூடாது. இந்த எண்களை உங்கள் .315-க்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு தோட்டா, அதற்கான கேஜ் வேறு. இசாப்பூரே 1960-களில் செய்த 7.62 மில்லிமீட்டர் 2ஏ, 2ஏ1 ரைபிள்களுக்கும் இந்த எண்கள் பொருந்தாது. அந்தத் தோட்டாவுக்கு விளிம்பே கிடையாது, தோள்பட்டையில்தான் நிற்கும். வெளித்தோற்றத்தில் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் கேஜை மாற்றி வைத்துவிடுவது சுலபம்.

ஹெட்ஸ்பேஸில் நடக்கும் ஒரு ஏமாற்று வேலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லீ-என்ஃபீல்டின் பிந்தைய வகையான நம்பர் 4 ரைபிளில் போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என்று நான்கு நீளத்தில் வந்தன. படிக்குப் படி சுமார் 0.005 அங்குலம் கூடும். இடைவெளி அதிகமானால் அடுத்த நீளத் தலையைத் திருகிவிட்டால் கேஜ் சரியாகிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடைவெளி ஏன் அதிகமானது என்று பார்க்காமல் தலையை மட்டும் மாற்றினால், ஒரு பக்க லக் அமுங்கியதைக் கேஜிடமிருந்து மறைத்ததாகிவிடும். கேஜ் பாஸ், ரைபிள் ஃபெயில். 3-ஆம் நம்பர் தலை போட்ட போல்ட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். உங்களுடைய பழைய வகை உடம்பில் தலைக்கு நம்பர் போட்டிருக்க மாட்டார்கள், அளந்துதான் பார்க்க வேண்டும்.

தலையைப் பார்க்கும்போது இன்னொன்று. போல்ட் தலையைக் கையால் இறுதிவரை திருகுங்கள். அதன் துருத்தல் விலாவுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். தாண்டிப் போனால், .303 ஆர்மரர் வழக்கத்தில் சுமார் 20 டிகிரி வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் தாண்டினால் உதையைத் தலையின் தோள் தாங்காமல் திருகு மரைகள் தாங்க ஆரம்பிக்கும். மரை அந்த வேலைக்குச் செய்ததல்ல.

போல்ட்டின் நம்பரும் ரிசீவரின் நம்பரும் ஒன்றா என்பதையும் பாருங்கள். தொழிற்சாலையில் இந்த ஜோடியை ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் நம்பர் குத்துவார்கள். வேறு ரைபிளின் போல்ட் உள்ளே உட்கார்ந்திருந்தால் ஒரு லக் மட்டும் தொடுவதற்கு வேறு காரணமே தேட வேண்டியதில்லை. அது தேய்மானமும் அல்ல, ஆரம்பத்திலிருந்தே பொருந்தாத ஜோடி.

எமரித் தாளை ஏன் தொடக் கூடாது என்பதற்கு வருகிறேன். தொடாத லக்கைத் தொட வைக்க வேண்டுமென்றால் தொடும் லக்கிலிருந்துதான் உலோகத்தை எடுக்க வேண்டும். எடுத்த அளவுக்கு ஹெட்ஸ்பேஸ் கூடும். அதைவிட மோசம், அந்த முகங்களில் இருப்பது மேலோட்டமாகக் கடினப்படுத்திய தோல். அது போனால் கீழே இருப்பது மென்மையான எஃகு. இன்று சமமாகத் தெரியும், சுடச் சுட மறுபடி அமுங்கும், இந்தத் தடவை வேகமாக. ஆர்மரர் செய்தால் கேஜ் வைத்து, நுண்ணிய கல்லால், முகத்தின் கோணம் மாறாமல் ஓரிரு வருடல்தான் செய்வார். அதற்கு மேல் தேவைப்பட்டால் போல்ட்டையே மாற்றுவார். ரிசீவரின் இருக்கை போயிருந்தால் அவரும் கையை விரிப்பார்.

இனி ட்ரிகர் பக்கம். இங்கே ஒரு பக்கத் தேய்மானம் லக்கைவிடச் சீக்கிரம் ஆபத்தாகும், ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். காக்கிங் பீஸின் அடியில் இருக்கும் பென்ட்டும் (சியர் பிடிக்கும் முகம்) சியரின் மூக்கும் அகலம் முழுவதும் தொட வேண்டும். பூதக்கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் மின்னினாலோ விளிம்பு உருண்டிருந்தாலோ அங்கே பிடி குறைந்திருக்கிறது. காலி ரைபிளைக் காக் செய்து, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக இழுத்துவிட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள். காக்கிங் பீஸ் இம்மியும் முன்னால் வரக் கூடாது. அடுத்து போல்ட்டைச் சற்று வேகமாக அடையுங்கள், ரைபிளின் பின்கட்டையைத் தரையில் விரித்த சாக்கின் மேல் தட்டுங்கள். எதிலும் காக்கிங் பீஸ் முன்னால் விழக் கூடாது. விழுந்தால் அன்றோடு அந்த ரைபிள் அலமாரிக்குப் போக வேண்டும்.

இந்த ரைபிளின் ட்ரிகர் இரண்டு கட்டமாக இழுபடும். ட்ரிகரின் தலையில் உள்ள இரண்டு மேடுகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சியரைத் தள்ளுவதால் வரும் இரட்டை இழுப்பு அது. நம்பர் 4-க்குச் சொல்லும் அளவு முதல் இழுப்பு 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவது 5 முதல் 6.5 பவுண்டு வரை. முதல் இழுப்பு காணாமல் போய் ஒரே இழுப்பாகிவிட்டால் மேடு தேய்ந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். உங்கள் வகையில் பல நேரம் குற்றவாளி ரைபிளின் மரக்கட்டை. ட்ரிகர் மாட்டியிருப்பது ரிசீவரில் அல்ல, கீழே உள்ள ட்ரிகர் கார்டில். மரம் மழைக்காலத்தில் ஊதினாலோ வெயிலில் சுருங்கினாலோ ட்ரிகருக்கும் சியருக்கும் உள்ள தூரமே மாறிவிடும். இந்தத் தலைவலிக்காகத்தான் பின்னால் வந்த நம்பர் 4 மார்க் 2-வில் ட்ரிகரை ரிசீவரிலேயே தொங்கவிட்டார்கள். ஆகவே மலைப்பக்கத்து ஈரத்தில் இருக்கும் ரைபிளுக்கு, கார்டின் முன் திருகு இறுக்கமாக இருக்கிறதா, மரத்தில் அமுங்கல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சியரைக் குறை சொல்ல வேண்டும்.

மரத்தில் மேகசினுக்குப் பின்னால், ரிசீவர் உதையை மரத்துக்குக் கொடுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நசுங்கி மற்றது தொடாமல் இருந்தால், சுடும்போது உடம்பு ஒரு பக்கமாகத் திருகும், குறி பக்கவாட்டில் விலகும். இசாப்பூர் ரைபிள்களில் மேகசினுக்கு முன்னால் மரத்தில் குறுக்காக ஒரு திருகு போட்டிருப்பார்கள், முன்மரம் பிளக்காமல் இருக்க. அதைக் கழற்றி எறிய வேண்டாம், அது ஏதோ ஒட்டுப்போட்ட வேலை அல்ல.

பேரலில் எனக்குப் பிடித்த ஒரு பக்கத் தேய்மானம் உண்டு, ஏனென்றால் அதைச் செய்வது தோட்டா அல்ல, நாம்தான். குழலைத் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றில் துணித்துண்டைக் கட்டி இழுக்கும்போது கயிற்றை நேராக இழுக்காமல் ஒரு பக்கம் சாய்த்து இழுத்தால், மணலும் கசடும் ஏறிய கயிறு குழல்வாயின் ஓரத்தை அறுக்கும். நாளடைவில் வட்டமான வாய் முட்டை வடிவமாகும். ஆயுதக் கிடங்குகளில் ஒரே ஆணிக்கு எதிரே நின்று எல்லோரும் ஒரே பக்கம் இழுத்த ரைபிள்களில் அறுப்பு ஒரே பக்கம் இருக்கும். குழல்வாயை வெளிச்சத்தில் பார்த்தால், குழலுக்குள் சுழன்று ஓடும் வரிமேடுகளின் நுனி ஒரு பக்கம் கூர்மையாகவும் எதிர்ப்பக்கம் மழுங்கியும் தெரியும். லக் இரண்டும் கச்சிதமாகத் தொடும் ரைபிள் சும்மா சிதறி அடித்தால் முதலில் இங்கே பாருங்கள்.

சேம்பருக்கு முன்னால் ஏற்படும் அரிப்பு வேறு வகை. 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டில் ஏழு ஆழமில்லாத, ஓரம் மழுங்கிய வரிகள். கரும்புகை மருந்துக்கு அது ஒத்துவந்தது. பிறகு வந்த புகையில்லா மருந்தான கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், அதன் சூட்டில் அந்த வரிகள் கரைந்தன. 1895-இல் ஐந்து ஆழமான, சதுர ஓர வரிகளுக்கு மாறினார்கள், அதற்கு என்ஃபீல்டு என்று பெயர். பின்னாளில் கார்டைட்டிலும் நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். இந்த அரிப்பு பொதுவாகச் சுற்றிலும் வரும், ஒரு பக்கம் மட்டும் வருவது குறைவு. வீட்டில் நீங்கள் இதற்குச் செய்ய எதுவும் இல்லை, பார்த்துச் சொல்லும்படி ஆர்மரரிடம் கேளுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு ரைபிள் பாழ் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தக் குடும்பத்து ரைபிள்கள் சீக்கிரம் சாவதில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் .303-க்கு விடை கொடுத்தது.

உங்கள் வரையில் நீங்களே செய்யக்கூடியது: பின்முகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது, நம்பர்களை ஒப்பிடுவது, கேஸ்களைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்திப் பார்ப்பது, காலி ரைபிளில் சேஃப்டி சோதனை. ப்ளூவும் கேஜும் ஃபயரிங் பின் கழற்றலும் உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம். ஃபயரிங் பின்னைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும், இடுக்கி வைத்து முயன்றால் மரை போகும். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் உண்டு. அது இல்லாத லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொண்டு போகாதீர்கள், இரண்டு பேருக்குமே வம்பு. போகும்போது ரைபிளோடு உரிமத்தையும், அப்பா சுட்ட நாலைந்து காலிக் கேஸ்களையும் எடுத்துப் போங்கள். “பாலிஷ் போடுங்கள்” என்று சொல்லாமல் “ஸ்பிரிங் இல்லாமல், .315 கேஜ் வைத்து, இரண்டு லக்கும் தொடுகிறதா என்று ப்ளூவில் காட்டுங்கள்” என்று கேளுங்கள். .303 கேஜை எடுத்து நீட்டினால் ரைபிளைத் திரும்ப உறையில் போட்டுக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை அதில் ஒரு தோட்டாகூட ஏற்ற வேண்டாம்.